உன்ர பகுதியை மட்டும் வாசி

இன்று காலை ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரத்தில், மூடியிருந்த பெட்டிக்குள் ஏதோ டக்கென்று தெறித்தது. திறந்து பார்த்தேன். வறண்ட காற்றில் உன் லூட் வாத்தியத்தின் மெல்லிய நரம்பு அறுந்து சுருண்டு கிடந்தது. நீ போன பிறகு உன் கணவர் கொண்டுவந்து தந்த லூட். தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நரம்புக்காக யாராவது அப்படி அழுவார்களா?

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தேவாலய மண்டபத்தில் நடந்த அந்த மாலை வகுப்பில் நாம் இருவர்தான் தமிழர். பாதியாகப் பிளந்த பேரிக்காய் போன்ற அந்த வாத்தியத்தில், ஐந்நூறு வருடப் பழைய இத்தாலிய நடன இசையைத் தட்டுத்தடுமாறிப் பழகினோம். "சைவ வீட்டுக்குள்ள ஆட்டுக்குடல் நரம்போ?" என்று உன் மாமி பதறினார். "கறி வைக்கிறதுக்கில்லை மாமி, வாசிக்கத்தான்" என்றாய் நீ.

இருவர் சேர்ந்து வாசிக்கும் இசையில் கீழ்ப்பகுதி எனக்கு. ஒரே சின்னச் சுற்று, திரும்பத் திரும்ப. அதன் மேல் ஓடித் திரிபவள் நீ. நான் சலித்துக்கொண்டால், "நீ விடாமல் வாசியடி. நான் எங்க போனாலும் திரும்பி வந்து சேருவன்" என்பாய்.

புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்ட அந்த மாசி மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தாய். பாதிக் குரல் காற்றாகத்தான் வந்தது.

"லூட்டைக் கொண்டு வாறியே? உன்ர பகுதியை மட்டும் வாசி. மேல உள்ளதை நான் மனசுக்குள்ள வாசிக்கிறன்."

"இண்டைக்கு வேலையடி. நாளைக்கு வாறன்."

"ஓம். நாளைக்கு வா."

அன்று எனக்கு வேலை இல்லை. கோட்டும் சப்பாத்தும் போட்டு, பெட்டியை மடியில் வைத்தபடி பொழுதுபடும்வரை கட்டிலில் இருந்தேன். நீ உருக்குலைந்து கிடப்பதைப் பார்க்கப் பயம். வேறு ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் காலை நான் வந்தபோது, உன் கட்டிலுக்கு ஒரு தாதி புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். என் தோளில் தொங்கிய பெட்டியைப் பார்த்தாள். "நேற்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைத்தானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை" என்றேன். அது என் இரண்டாவது பொய்.

உன் கணவரிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. உன் பகுதியையும் நானே பழகப் பார்க்கிறேன். நாலு சுரம் ஓடுவதற்குள் விரல்கள் நின்றுவிடுகின்றன. லாசால் பகுதியில் வேலை முடிந்து புறப்படும்போது எங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் "போட்டு வாறன்" என்று, போய்வருவதாகச் சொல்லிப் போகிறார்கள். எனக்கு அந்த "வாறன்" வாயில் வருவதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வருகிறேன்.