அண்ணனின் ஈரலுக்கு வந்த வசந்தம்

ஆன்ச்சிங்,
பிப்ரவரி 11, 2009

அன்புத் தங்கை சூயுனுக்கு,

அண்ணன் தேலூ எழுதுவது. விளக்குத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. நீ அனுப்பிய எள்ளுருண்டைதான் வந்தது. அதையும் முழுதாகத் தின்ன முடியவில்லை. சோறு பிடிக்கவில்லை, மத்தியானமே கண் சொக்குகிறது.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். படகு இயந்திர அறையிலேயே ஆயுசைக் கழித்தவன் காதுக்குப் போன் எதற்கு? நீ கத்துவாய், நான் “ஆங், ஆங்” என்பேன், எதிர்வீட்டுக்காரனுக்குத்தான் எல்லாம் விளங்கும்.

வசந்தம் பிறந்துவிட்டது. ஈரலைப் பேண வேண்டிய காலம். போஜோ மூலிகைச் சந்தையில் தங்கை கடை வைத்திருக்க, நான் ஏன் அலைய வேண்டும்? நல்லதாகப் பார்த்து ஏதாவது அனுப்பு.

உன் அண்ணன்,
தேலூ

*

போஜோ,
பிப்ரவரி 14

அண்ணா,

சாமந்திப் பூவும் கோஜிப் பழமும் அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுக் குடி. புளிப்பைக் குறைத்துக்கொள். வசந்தத்தில் ஈரல் தானாகவே துள்ளும், புளிப்பு அதற்குக் கொம்பு சீவிவிடும். வள்ளிக்கிழங்கும் சிவப்பு இலந்தையும் போட்டுக் கஞ்சி வை. சாராயத்தின் பக்கமே போகாதே. காலையில் ஆற்றங்கரையில் நட. யாரோடும் மல்லுக்கு நிற்காதே, கோபம் குடியிருக்கும் வீடு ஈரல்தான்.

சியூமெய் அண்ணி இருந்திருந்தால் உன்னை இப்படி விட்டிருப்பாளா? அவளை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் போவதில்லை.

சூயுன்

*

ஆன்ச்சிங்,
பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே நடக்கிறேன், நம்பு. ஆனாலும் உடம்பெல்லாம் அரிப்பு. கண் வெள்ளை எலுமிச்சை நிறத்துக்குப் போய்விட்டது. உன் சாமந்தி போன வருஷச் சரக்கோ என்னவோ.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. காதோர நரை கறுத்துவிட்டது! சந்திர வருஷத்தின் முதல் மாதம் முடி வெட்டினால் தாய்மாமனுக்கு ஆகாதே. நமக்கு மாமன் எவரும் உயிரோடு இல்லை, இருந்தாலும் வெட்டாமல் விட்டதில் கற்றையாக வளர்ந்து கிடக்கிறது. தோஃபு விற்கிறாளே லியாவ் பிங், பாவம் விதவை, அவள்கூட “என்னங்க, உங்களுக்கு வயசு பின்னாடி ஓடுதா?” என்று கேட்டாள். ஆக, உடம்பு உள்ளுக்குள் தேறி வருகிறது என்றுதான் நினைக்கிறேன். இன்னும் வீரியமானதாக ஏதாவது அனுப்பு.

தேலூ

*

போஜோ,
பிப்ரவரி 20, விரைவுத் தபால்

அண்ணா,

இது கைக்குக் கிடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. மீதியை வழியில் படி.

முடி கறுக்கும் வேரைத் தின்கிறாய். அதுவும் பச்சையாக. முடி கறுத்துக் கண் மஞ்சளானால் எங்கள் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வேரைக் கறுப்பு மொச்சைச் சாற்றில் அவித்து, வெயிலில் காயப்போட்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்துதான் கடையில் வைப்போம். அப்படியும் சிலர் உடம்புக்கு ஆகாது. பச்சை வேர் ஈரலையே அரித்துவிடும். நான் அனுப்பிய பூவையும் நிறுத்து, எல்லாவற்றையும் நிறுத்து. அந்த வேரைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு. இனி என்னிடமிருந்து ஒரு இதழ்கூட வராது.

இந்த வயதில் யாருக்காக முடி கறுக்க வேண்டும்? அந்தத் தோஃபுக்காரிக்கா? அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா? அண்ணியும் போய்விட்டாள். நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், அண்ணா?

சூயுன்

*

ஆன்ச்சிங், ஆஸ்பத்திரி,
மார்ச் 10

தங்கையே,

நீ சொன்ன அத்தனையும் உண்மை. மலையிலிருந்து வருகிறவனிடம் வேரை வாங்கினேன். அவித்தால் சத்தெல்லாம் ஆவியாகிவிடும், பச்சையே வீரியம் என்று நானாக முடிவு கட்டினேன். இன்னும் கொஞ்ச நாள் தின்றிருந்தால் கைவிட்டிருப்போம் என்றார் டாக்டர். இப்போது மஞ்சள் இறங்குகிறது, பசிக்கிறது.

முதல் மாதம் கழிந்து, முடி வெட்ட நல்ல நாளான டிராகன் தலைதூக்கும் நாளன்று நாவிதர் இங்கேயே வந்து எல்லாருக்கும் முடி வெட்டினார். ஒட்ட வெட்டியதில் கறுப்பெல்லாம் போய், இப்போது முளைப்பது முழுக்க வெள்ளை. அன்று பார்த்தா லியாவ் பிங் கஞ்சியோடு வர வேண்டும்? விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “முடிக்காகவா உசிர விடப் பாத்தீங்க? நான் என்ன உங்க தலமுடியையா கட்டிக்கப் போறேன்?” என் காதுக்கு எட்டட்டும் என்று அவள் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

சூயுன், சியூமெய் உனக்கு அண்ணி மட்டுமில்லை, உயிர்த் தோழி. அதனால்தான் உன்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நீ வேண்டாம் என்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

தேலூ

*

போஜோ,
மார்ச் 17

அண்ணா,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து கடையில் வாடிக்கைக்காரர்கள்மேல் எரிந்து விழுகிறேன். ஊருக்கெல்லாம் ஈரல் மருந்து விற்பவள் ஈரலே கொதிக்கிறது. சியூமெய் இடத்தில் இன்னொருத்தி என்றால் எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன். ஆனால் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்தானே. நான் இல்லையே.

இரத்தப் பரிசோதனை முதலில் சரியாக வரட்டும். பிறகு கல்லறை துடைக்கும் நாளன்று அண்ணியைப் புதைத்த மலைக்கு அவளையும் கூட்டிப் போ. அண்ணிக்கு முன்னால் நின்று அவளே கேட்கட்டும். கேட்க வாய் வரவில்லை என்றால் அவள் நமக்கு வேண்டாம்.

சூயுன்

*

ஆன்ச்சிங்,
ஏப்ரல் 5

அன்புத் தங்கை சூயுனுக்கு,

ஜெயித்துவிட்டேன்! இரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது. “ஈரல் தப்பிச்சிருச்சு, இனிமே கை வைக்காதீங்க” என்று டாக்டர் சிரித்தார்.

நேற்று மலைக்குப் போனோம். மழைத் தூறல், ஏற்றமெல்லாம் சேறு. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் எனக்கு முன்னால் ஏறினாள். கல்லறைமேல் முளைத்த புல்லைப் பிடுங்கினேன். மாச்சிப்பச்சை மாவுருண்டைகளை அவள் படைத்து, கல்லறை மண்ணில் சாராயத்தை ஊற்றினாள். நான் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். அவள் மண்டியிட்டுவிட்டாள்.

“அக்கா, இவர எனக்குக் குடுங்க. நரச்ச தலையோடவே குடுங்க. பத்திரமா பாத்துக்கிட்டு, காலம் வந்தா உங்க பக்கத்துலயே கொண்டாந்து படுக்க வெக்கிறேன். அந்த எடம் உங்களுதுதான், நான் கேக்க மாட்டேன்.”

ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது, சூயுன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பதினெட்டாம் தேதி கல்யாணம். கடையைப் பூட்டிவிட்டு முதல் நாளே வந்துவிடு. அவள் பக்கத்தில் நிற்க அவளுக்கு உறவென்று யாருமில்லை. நீதான் நிற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

உன் அண்ணன்,
தேலூ