நீ கேட்ட வாக்கியம்

இன்று காலை ஷிப்டு தொடங்கும் முன், லேமினேஷன் மெஷினிலிருந்து சுடச்சுட ஒரு தாளை எடுத்தேன். பிரஸ் மெஷினுக்கு மேலே மாட்டும் பாதுகாப்புக் குறிப்பு அது. பழைய தாள் எண்ணெய் பட்டு மங்கிவிட்டதால் புதிதாகப் போடச் சொல்லியிருந்தார்கள். எட்டு வரி ஆங்கிலம். நான்காவது வரிக்குக் கீழே மட்டும் தமிழில் ஒரு வாக்கியம். அது உன்னுடையது. பெயர் இல்லை. ஆனால் ஒரகடம் தொழிற்சாலையில் இந்த லைனுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் அதைப் படித்த பிறகுதான் பெடலில் கால் வைக்கிறாள். பிளாஸ்டிக் வாடை அடங்கும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நாம் பழகியது கம்பெனி பஸ்ஸில். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வாலாஜாபாத்தில் அறை எடுத்திருந்தேன். நீ அந்த ஊர்க்காரி. லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், நாளுக்கு ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தோம். வண்டி கிளம்பியதும் ஒருத்தி போனில் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். மற்றவள் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அதற்குள் முடித்தாக வேண்டும்.

போனில் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அது உனக்குப் பிடிக்காது. “இந்த ஜான் எப்பப் பாத்தாலும் பூங்காவுக்கே போய்கினு கீறான். ஷிப்டு கிப்டு கிடையாதா அவனுக்கு?” என்பாய். அப்புறம் நீயே ஒரு சட்டம் போட்டாய். வாக்கியம் நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும், நமக்குத் தெரிந்தவர்களுக்கு நடந்ததாக இருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே என்னை அசத்திவிட்டாய். ‘ரிலக்டன்ட்’ என்ற வார்த்தை வந்தது. மனமில்லாமல் செய்வது என்று பொருள் சொன்னேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கோத்தாய். ‘ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றதும் என் தோழி சிரித்துக்கொண்டே சரி என்றாள், அவள் கால்கள் மட்டும் மனமில்லாமல் நடந்தன.’ அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். ஊருக்குப் போக முடியாததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பெயர் தெரியாத ஒன்றை நீ என் காலில் கண்டுபிடித்திருந்தாய். இவள் என்ன பிறவியோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு புது பிரஸ் மெஷின் வந்தது. வயர் முனையில் பித்தளைக் கவ்வியை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி அழுத்தும். விரல் இருந்தால் விரலையும் அழுத்தும். ட்ரெயினிங் முடிந்ததும் ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் படிக்காமலே போட்டோம். நீ பேனாவைக் கீழே வைத்தாய்.

“சார், நாலாவது வரில இன்அட்வர்டன்ட்னு ஒரு வார்த்த கீது. அதுக்கு இன்னா சார் அர்த்தம்?”

“எல்லாம் சேஃப்டிதாம்மா. போடு, லைன் நிக்குது” என்றார் சூப்பர்வைசர்.

“புரிஞ்சிகினேன்னு கையெழுத்து கேக்குறீங்க. எனக்குப் புரியல சார்.”

அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாம் கான்ட்ராக்ட் ஆட்கள். அந்த வாரம்தான் உன்னுடையதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. “போட்டுத் தொலையேன் புள்ள” என்று பின்னாலிருந்து உன் யூனிஃபார்ம் கோட்டைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்து கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னார். நினைக்காமல், கவனமில்லாமல் நடந்துவிடுவது.

நீ ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினாய். ‘பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நான் நினைக்காமலே என் கால் பெடலை மிதித்துவிட்டது; நல்லவேளை, விரலை எடுத்திருந்தேன்.’ முந்தின வாரம் பழைய மெஷினில் எனக்கு நடந்தது அது. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை எழுதி முடித்த பிறகே கையெழுத்துப் போட்டாய். இன்ஜினியர் இரண்டு முறை படித்துவிட்டு, மெஷினுக்கு மேலே மாட்டிய குறிப்பில் அந்த வரிக்குக் கீழேயே ஒட்டச் சொன்னார். உன் கான்ட்ராக்டையும் புதுப்பித்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் வயிற்றுவலி என்று லீவு போட்டாய். ஒரு மாதம் கழித்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, உன் தம்பி வாசலிலேயே என்னை நிறுத்தினான். நோய் குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, “அவகிட்ட அல்சர்னுதான் சொல்லி வச்சிகீறோம்கா. நீங்களும் அப்டியே சொல்லிடுங்க” என்றான். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

உன் அம்மா காபி வாங்கப் போனதும் நீ தலையணைக்கு அடியிலிருந்து ஃபைலை எடுத்து ஒரு வார்த்தையைக் காட்டினாய். ‘பேலியேட்டிவ்.’

“அர்த்தம் நான் பாத்துட்டேன். நோயக் கொணமாக்காம, வலிய மட்டும் கொறைக்கிறது. வாக்கியம் நீ சொல்லு.”

“ஒரு ஊர்ல ஒரு வயசானவர்…” என்று ஆரம்பித்தேன்.

“ஜான் கதையெல்லாம் வாணாம்டி.”

உன் கண் என் மேலேயே இருந்தது. தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். ‘என் தோழிக்கு வலியைக் குறைக்கும் சிகிச்சை மட்டும்தான் கொடுக்கிறார்கள்.’ சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. உன்னைக் கொன்றுவிட்டேனோ என்றுகூட இருந்தது.

நீ என் கையைப் பிடித்தாய். “கரீட்டா சொன்ன” என்றாய். ஃபைலைத் திரும்பத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, “எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வாணாம். அது தாங்காது” என்றாய்.

அம்மா ஃபிளாஸ்கோடு உள்ளே வந்தார். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, “யம்மா, இந்த ஆஸ்பத்திரி சோறு எனக்கு எறங்கல. வூட்டுக்குப் போலாம். அல்சருக்கு வூட்டுச் சோறுதான் நல்லது” என்றாய். அம்மாவுக்கு உடனே முகம் தெளிந்தது. தெரியாத ஒரு வார்த்தைக்காக முழு லைனையும் நிறுத்தியவள், தெரிந்துவிட்ட ஒன்றை அப்படி விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

வீட்டில் ஏழு வாரம் இருந்தாய். தினமும் அம்மாவைத் தலை வாரிவிடச் சொன்னாய். சின்ன வயதில் உனக்கு வந்த காய்ச்சலைப் பற்றியெல்லாம் கேட்டுக் கேட்டு அவரைப் பேசவைத்தாய். அவர் உனக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உன் அம்மா வீடு திரும்பும் நேரத்துக்கு அங்கே போய்விடுவேன். அவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்கிறார்.

“எம்பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாதும்மா. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி.”

“ஆமாம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்காருகிறார்.