நாளைக்குச் சந்தனம்

திருத்தணி, 4-2-1960

தம்பி எத்திராஜுக்கு அக்கா எழுதுவது. இங்கு நலம். அங்கு நலமில்லையென்றால் மறைக்காமல் எழுது.

உன் சந்தனப் பொடிக்கு அச்சடித்த விளம்பரத் தாளைப் படித்தேன். பதினான்கு குணங்கள்! ஐந்தாவதுக்கு வந்தபோது முதலாவது மறந்துவிட்டது. அதை ஊரெல்லாம் கொடுக்கப் பேண்டு வாத்தியமும் குதிரை வண்டியும் வேறா? திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில் தண்ணீர்ச் செம்போடு நில். மொட்டையடித்து இறங்கி வருகிறவர் தலையில் ஒரு விரல் தடவு. குளிர்ந்தால் அவரே கேட்டு வாங்குவார்.

சித்திரைக்குள் விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு என்னோடு வந்து தங்குவதாக எழுதியிருக்கிறாய். மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சோம்பி இராதே.

அன்புடன்,
சுலோசனா

திருப்பதி, 19-2-1960

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் சொற்படி நின்றேன், வசவு வாங்கினேன். மலையிலேயே மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசி அனுப்புகிறார்கள். நான் விரலை நீட்டியதும் ஒரு பெரியவர், "இன்னாயா நீ, சாமி சந்தனத்து மேல கடைச் சந்தனத்தப் பூசிக்கினு! கைய எடு!" என்று கத்திவிட்டார். பிறந்தது முதல் மொட்டைகளைப் பார்த்த நம் இருவருக்கும் இது தோன்றவில்லையே!

பொட்டலம் மடிக்கும் கங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னிக்கு ஏன் மொதலாளி தடவுற? இன்னிக்கு ஜில்லுனுதான் கீது. நாளைக்கு அது காஞ்சி உதுந்து பூடும், வெயிலு சுள்ளுனு ஏறும். அப்ப தடவ சாமியா வருவாரு?"

விளம்பரத் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அறை தயாரா?

தங்கள் தம்பி,
எத்திராஜ்

திருத்தணி, 23-2-1960

எத்திராஜ்,

எளிய யோசனை என்று பெருமைப்பட்டேன். அது பாதி யோசனைதான். மீதிப் பாதி உன் கடையிலேயே உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறது.

தாள்களைத் திருப்பிப் பொட்டலம் மடியுங்கள். வெற்றுப் பக்கத்தில் 'நாளைக்கு' என்ற ஒரே சொல். தமிழா தெலுங்கா, எது முதலில் என்று எல்லைச் சண்டை வேண்டாம், பொட்டலத்தின் இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று. அலிபிரியை விட்டுவிட்டு, ஊர் திரும்புகிறவர்கள் ஏறும் பஸ் நிலையத்தில் கங்கம்மாவை நிறுத்து. நீ வாயைத் திறவாதே.

அறை இன்னும் காயவில்லை.

சுலோசனா

திருப்பதி, 2-4-1960

அன்புள்ள அக்கா,

நேற்று முதல் நீங்கள் சென்னை ராஜ்யம், நான் ஆந்திரம். கடிதம் மட்டும் பழைய வேகத்தில் வரும் என்று நம்புகிறேன்.

கங்கம்மா பஸ் ஜன்னல்தோறும், "இன்னிக்கு சாமி சந்தனம், நாளைக்கு இது!" என்கிறாள். அவ்வளவுதான். நேற்று ஒரே குடும்பத்தில் கைக்குழந்தையோடு சேர்த்து ஏழு மொட்டைகள். எட்டுப் பொட்டலம் வாங்கினார்கள். எட்டாவது எதற்கு என்றேன். "நாளன்னிக்கு" என்றாள் அந்த அம்மாள்.

கடையை மூடவில்லை, அக்கா. அறைக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தீர்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

எத்திராஜ்

திருத்தணி, 6-4-1960

தம்பிக்கு,

ஒன்றும் எழுத வேண்டாம். நீ தோற்று வந்து சேர்வதற்காக நான் யோசனை சொல்லவில்லை. மாடி அறையைப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியைக்கு விட்டுவிட்டேன். வெள்ளை நன்றாக இருக்கிறது என்றாள்.

பி.ஏ. படித்த என்னைக் கங்கம்மா ஐந்து சொல்லில் மடக்கினாள் என்று அவளிடம் சொல்.

வியாபாரியான நீ ஒன்றை மறந்துவிட்டாய். ஆடிக் கிருத்திகைக்கு இந்த மலையிலும் தலைகள் மழிக்கப்படுகின்றன. மறுநாள் அவையும் எரியும். கங்கம்மாவையும் பொட்டலங்களையும் அழைத்துக்கொண்டு வா. உன் கட்டிலைக் கீழே இறக்கிக் கூடத்தில் போட்டிருக்கிறேன். ஆசிரியைக்குச் சொந்தக் கட்டில் இருக்கிறதாம்.

அன்புடன்,
அக்கா