பொம்மையார்பாளையத்துக்காரி

இன்று காலை உப்பளத்துப் பக்கம் போனபோது, மழையில் நனைந்த பனையோலை வாசனை வந்தது. இப்போதெல்லாம் உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டுத்தான் மூடுகிறார்கள். யாரோ ஒருவர் மட்டும் பழைய மாதிரி ஓலை வேய்ந்திருக்கிறார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகப் போய்த் தலைமுடியைச் சரிசெய்தது. எழுபத்தைந்து வயசில் இதென்ன கூத்து என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பேன்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், நமக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நீங்கள் அளத்தில் மேஸ்திரி. நான் வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி பிறந்தால் குவியல்களை மூடப் பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஓலை வண்டி வரும். வண்டிக்காரர் நம் வீட்டு வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டுவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசுவார். அவர் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வருஷம், தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் விரல்கூட என்மேல் பட்டதில்லை. என் மனசு அவருக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மேல் இருந்த பிரியம் இம்மியும் குறையவில்லையே! காலெல்லாம் உப்பு பூத்து நீங்கள் வரும்போது, எப்போதும்போல ஓடிவந்துதான் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும்? பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு மதியம், நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எம்மேல இருந்த ஆச போயிடுச்சா?"

"இல்லீங்க. அது அப்படியேதான் இருக்குது. அதான் எனக்கு ஒண்ணும் புரியல."

கையைக் கழுவிக்கொண்டு நேராக அளத்துக்குப் போனீர்கள். அங்கே அவர் ஓலை இறக்கிக்கொண்டிருந்தார். வெட்டுக்குத்தாகிவிடும் என்று பின்னாலேயே ஓடிவந்தேன். வரப்பில் நின்று பார்த்தால், நீங்களும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து, "நல்ல மனுசன்தான்" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "எனக்கும் இந்த மாதிரி ஒருத்தி மேல இருந்துச்சு. பொம்மையார்பாளையத்துல. உன்னக் கட்டினப்புறம்தான். புதுச்சேரிக்கு உப்பு லாரியில போறப்பல்லாம் அவ வீட்டண்ட டீக்கடையில எறங்கிடுவேன். ரெண்டு வருசம். அப்புறம் தானா நின்னுடுச்சு. உன்ன உட்டுட்டுப் போவணும்னு மட்டும் ஒருநாளும் தோணல."

என் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"எப்படி இருப்பா? செவப்பா இருப்பாளா?" என்று கத்தினேன்.

"நீ இப்பதான இன்னொருத்தரச் சொன்ன?" என்றீர்கள், நிஜமாகவே குழம்பிப்போய்.

"அது வேற, இது வேற!"

எப்படி வேறு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் உங்களோடு பேசவில்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த புரட்டாசிக்கு வேறொரு வண்டிக்காரர் வந்தார். நீங்கள் அவரை வரவேண்டாம் என்றீர்களா, அவராகவே நின்றுவிட்டாரா? ஒருநாள் மட்டும் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மிஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தீர்கள்.

கடைசியில் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கேட்டேன்: "ஏங்க, ஒருத்தருக்கு ஒருத்தர்னு இருக்கறது மனுசனுக்குத் தானா வர்றதா, இல்ல ஊருக்குப் பயந்து இருக்கறதா?"

"தெரியலியே. உனக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லு" என்றீர்கள். நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

எனக்கும் தெரியவில்லை. தானாக வருவதென்றால், கண்ணாடி முன்னால் நான் ஏன் நின்றேன்? வராததென்றால், பொம்மையார்பாளையத்துக்காரியைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு ஏன் அப்படி எரிந்தது?

நீங்கள் போய் ஆறு வருஷம். ஓலைக்காரர் முகம் மறந்தே போய்விட்டது. நான் கண்ணாலும் பார்க்காத அவள் மட்டும் மறக்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் புதுச்சேரி போகும் பஸ் பொம்மையார்பாளையத்தில் நிற்கும். ஏறுகிற கிழவிகளை ஒவ்வொருத்தியாகப் பார்க்கிறேன். எவளாவது கொஞ்சம் லட்சணமாக இருந்துவிட்டால், பக்கத்து சீட்டில் என் பையை எடுத்து வைத்துவிடுகிறேன்.