கிணற்றடி வழக்கு

சிவமயம்

மானிப்பாய்,
9.2.1936

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளை கமலாவதியும் சுகம். போன கிழமை மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தேன். இப்போதுதான் எழுந்து நடமாடுகிறேன்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யாரும் எழுதி நீங்கள் அறியமுன் நானே எழுதுகிறேன். உங்கள் அம்மான் மகள் பத்மாசினிமேல் கோட்டில் வழக்கு வைத்திருக்கிறேன். சிரம்பானுக்குக் கப்பல் ஏறமுன், உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்கலாமென்று அற்றோணித் தத்துவம் எழுதித் தந்தீர்களே, அதைக் கொண்டுதான் வைத்தேன். ஆகவே வழக்காளி நீங்கள், எதிராளி அவள்.

அவள் வீட்டுக் கிணறு உவர்தான். அதற்காகக் காலையும் மாலையும் எங்கள் வளவுக்குள்ளால், என் குசினி வாசலைக் கடந்து, எங்கள் கிணற்றுக்குக் குடத்தோடு போவதும் வருவதுமாக இருந்தாள். புருசனை இழந்தவள் என்று மூன்று வருசம் பொறுத்தேன். மார்கழியில் வேலியை அடைப்பித்தேன். அந்த வழி தன்னுடையதாம், உங்கள் ஐயா சாகமுன் வாயால் தந்தாராம். எழுதின உறுதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. என் வழக்கைப் பேசுகிற பிரக்கிராசியாரும், "எழுத்தில்லாத வழியைக் கோடு ஏற்காது, பயப்பிடாதையுங்கோ" என்கிறார்.

பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் அவளை இரண்டு இடத்தில் விசாரித்திருந்தீர்கள். அதையும் வாசித்தேன்.

தங்கள்
நாகேஸ்வரி

---

சிவமயம்

சிரம்பான்,
1.3.1936

அன்புள்ள நாகேஸ்வரிக்கு,

உன் கடிதம் கந்தோரில் இருக்கும்போது கிடைத்தது. அதன்பின் எனக்கு வேலை ஓடவில்லை.

என் பெயரில் வழக்கு வைக்கமுன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். தத்துவத்தை இரத்துச் செய்து எழுத எனக்கு முடியும். எழுதினால் கோட்டில் நிற்கிற உனக்குத்தான் வெட்கம். ஆகவே நீயே வழக்கை வாபஸ் வாங்கு.

ஐயா வழி கொடுத்தாரோ, எனக்குத் தெரியாது. நான் இங்கே இருந்தேன். ஆனால் கொடுக்கக்கூடிய மனுசன். பத்மாசினியும் பொய் சொல்கிறவள் இல்லை. நீ அந்த வீட்டில்தானே இருந்தாய், உன் காதில் ஒன்றும் விழவில்லையா? அவள் இனித் தண்ணீருக்குக் கோவில் கிணறு வரைக்கும் நடக்கவேண்டும். சின்னப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். இப்போது எப்படி?

கமலாவதிக்கு என் முத்தம்.

உன்
தம்பிராசா

---

சிவமயம்

மானிப்பாய்,
14.7.1936

அத்தானுக்கு,

நான்கு மாதமாக எழுதவில்லை என்று கோபிக்கவேண்டாம். உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அவள் பிள்ளையின் இழுப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். என் காய்ச்சல் என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. பத்மாசினி பொய் சொல்கிறவள் இல்லை என்று எழுதினீர்கள். நான் எப்படிப்பட்டவள் என்று எழுதவில்லை.

வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. இதுவரை ஐந்து தவணை கோட்டுக்குப் போய்வந்துவிட்டேன். கோட்டு வளவு மரங்களின் கீழே பாதி ஊர் நிற்கிறது. ஒரு பனைக்காக அண்ணனும் தம்பியும், ஒரு முழ வேலிக்காகத் தாயும் மகனும், ஆளுக்கொரு கடுதாசிக் கட்டோடு. எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறோம். பத்மாசினி எப்போதும் எனக்கு முன் ஆசனத்தில் இருப்பாள். அவள் கொண்டையைப் பார்த்தபடியே நான் போய்வருகிறேன். முப்பத்தைந்து வயதில் ஒரு நரை இல்லை.

நேற்று அவள் பக்கத்துப் பிரக்கிராசியார் எழும்பி, "மாமனார் வழி குடுத்ததைத் தான் கேக்கேல்லை எண்டு இந்த அம்மா அம்மன் கோவிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் நாங்கள் விட்டிடுறம்" என்றார். நீதவான் என்னிடம் சம்மதமா என்று கேட்பித்தார். ஓம் என்றேன். அலுமாரி நிறையச் சட்டப் புத்தகம் வைத்திருக்கிறவர், கடைசியில் அம்மனிடம் கேட்டு வரும்படி எங்களை அனுப்பிவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை சத்தியம். ஆடி முதல் வெள்ளி. உங்கள் பதில் அதற்குமுன் வராது. ஆனாலும் கேட்கிறேன். என்னைக் கட்டமுன் அவளைக் கட்ட நினைத்தீர்களா?

நாகேஸ்வரி

---

சிவமயம்

சிரம்பான்,
27.7.1936

அன்புள்ள நாகேஸ்வரிக்கு,

சத்தியம் பண்ணாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். இது வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கோட்டில் பொய் சொன்னால் மறியலில் போடுவார்கள். நாள் முடிந்தால் வெளியே வந்துவிடலாம். அம்மனுக்கு முன்னால் சொன்னதிலிருந்து எங்கே வெளியே வருவது? நீ என்ன செய்தாயோ தெரியாது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில், ஓம். பத்தொன்பது வயதில் அவளை எனக்குப் பேசச் சொல்லி ஐயாவைக் கேட்டேன். சாதகம் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டார். அழுதேன். இதை உனக்கு முதல் வருசமே சொல்லியிருக்கவேண்டும். பயத்தில் விட்டேன்.

இப்போது அவளை நான் விசாரிப்பது அந்த ஆசையில் இல்லை. ஒருகாலத்தில் கேட்டுவிட்டுக் கைவிட்டவளை, அவள் தனித்து நிற்கும்போதும் பாராமல் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை விசாரியாமல் விட்டதற்கு நியாயம் இல்லை. நீ அங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்ற நிச்சயத்தில் இருந்துவிட்டேன். ஆறு வருசம் அப்படியே இருந்துவிட்டேன். அது என் பிழை.

உன் காய்ச்சல் முற்றாக மாறியதா?

உன்
தம்பிராசா

---

சிவமயம்

மானிப்பாய்,
20.8.1936

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சத்தியம் பண்ணவில்லை. வழக்கு வென்றுவிட்டேன். இரண்டும் எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தோய்ந்து, ஈரச்சேலையோடு அம்மன் வாசலில் நின்றேன். கோட்டிலிருந்து ஒருவர் எழுத வந்திருந்தார். ஐயர் கற்பூரத்தட்டை என் முன்னால் நீட்டினார். நான் கையை உயர்த்தவும் பத்மாசினி குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் ஐயா. எனக்கு அந்த வழி வேண்டாம்" என்றாள்.

கோட்டு ஆள், "அப்ப நீங்கள் தோத்ததெண்டு எழுதட்டோ?" என்று கேட்டார்.

"ஓம், எழுதுங்கோ."

பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: "நீ கேட்டனி எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. அவர் அதைச் சொல்லேக்கை உன்ரை அம்மிச் சத்தம் நிண்டது. பிள்ளைக்காறி நீ. பொய்ச்சத்தியம் வேண்டாம்."

அத்தான், அது உண்மை. உங்கள் ஐயா விறாந்தையில் படுத்திருந்து, "கிணத்தடி வழி எண்டைக்கும் உனக்கு, பிள்ளை" என்று அவளுக்குச் சொன்னபோது, நான் குசினியில் கூட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். அவள் தடுத்திராவிட்டால் கற்பூரத்தையும் அணைத்திருப்பேன்.

அவள்மேல் நன்றி வரவில்லை. முன்னையிலும் கூடிய எரிச்சல்தான் வந்தது. வழக்கில் வென்றவள் நான், ஊர் புகழ்வது அவளை. தன் வழியை இழந்து என் பாவத்தையும் தடுத்துவிட்டாள். இனி எதில் அவளை வெல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு ஒரு பகல் முழுக்க அழுதேன். நான் நினைத்தது சரியாக இருந்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது, சிரிக்கவேண்டாம்.

அடுத்தநாள் பிரக்கிராசியாரிடம் போய், தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். "வெண்டவைக்கு அப்பீல் இல்லை, பிள்ளை" என்றார். வீட்டுக்கு வந்து நானே கத்தி எடுத்து வேலியை வெட்டிவிட்டேன். நாலு நாள் பார்த்தேன். அவள் வரவில்லை. கோவில் கிணற்றுக்குத்தான் போனாள்.

ஐந்தாம் நாள் குடத்தில் தண்ணீர் அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "அக்கா, நான் சத்தியம் பண்ணியிருப்பன்" என்றேன்.

"தெரியும். அதுதான் மறிச்சனான்" என்றாள். "குடத்தை உள்ளுக்கு வை, தோள் நோகும்."

உள்ளே போனேன். சுவரில் எங்காவது உங்கள் படம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இல்லையென்று கண்டபிறகும் ஒருமுறை பார்த்தேன். எனக்கு அந்தக் குணம் இந்தப் பிறவியில் போகாது போலிருக்கிறது. வழியை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை அவள் குடத்தோடு வந்து போனாள்.

காய்ச்சல் தை மாதமே மாறிவிட்டது. அவள் பிள்ளைக்கு இழுப்புக் குறைவு. இனிமேலும் அவளை விசாரியுங்கள், பதில் எழுதுகிறேன். ஆனால் முதலில் என்னை விசாரியுங்கள்.

தங்கள்
நாகேஸ்வரி