பக்கத்து நாற்காலிப் பையன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். வழக்கமாக அடுத்த வரியில் இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவேன், இன்று பேனா அந்த இடத்திலேயே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. அம்மா சுகம்தான். முழங்கால் வலி இருக்கிறது, என்னைத் திட்டும் பலமும் அப்படியே இருக்கிறது, அதனால் அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். மாடி வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயை மாற்றிவிட்டார், சமையலறைச் சுவரில் ஈரம் காய்ந்து வருகிறது. என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன், உன் குரல் கேட்டதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

டயாலிசிஸ் அறையில் என் பக்கத்து நாற்காலிக்கு ஒரு கிறிஸ்தவப் பையன் வருவான் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் செட் போடுகிறவன், நாங்கள் எல்லோரும் மைக் என்றே கூப்பிடுவோமே, அவன் போய்விட்டான். உன்னைவிடச் சின்னவன். செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவன் நாற்காலியில் புது விரிப்பு போட்டு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விட்டிருந்தார்கள். நர்ஸ் என் கையில் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்கு அவர் வரமாட்டார் சார்" என்றாள். எதிர் நாற்காலியில் இருக்கும் டீச்சரம்மாதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனைக்கு முன்னால் ஸ்பீக்கரைச் சரிபார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தானாம், இதயம் நின்றுவிட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து என் நெஞ்சு அடிப்பதை நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன் பாப்பா. கொஞ்சம் வேகமாக அடித்தாலும் பயம், மெதுவாக அடித்தாலும் பயம். அவனுக்கு வந்தது எனக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்ற ஒரே நினைப்பு. மெஷின் ஒரு சத்தம் போட்டால் போதும், உடம்பெல்லாம் வேர்த்து நனைந்துவிடுகிறது.

முதல் நாள் நான் அந்த அறைக்குப் போனது நினைவிருக்கிறது. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதன், எத்தனை பேர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பாத திருப்பமா, அந்த ஊசியின் தடிமனைப் பார்த்ததும் பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்து இவன்தான் அறை முழுக்கக் கேட்கிற குரலில், "அங்கிள், பாத்ரூம் அந்தப் பக்கம், வாசல் இந்தப் பக்கம், நீங்க வாசலைப் பாக்குறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு ஊசி போடும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இயேசுவே பயமா இருக்கு, கூட இருங்க என்று வாய்விட்டே ஜெபம் செய்வான். இவ்வளவு பேர் முன்னால் பயம் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "எங்க சாமியே சிலுவைக்கு முந்தின ராத்திரி பயந்து வேர்த்தவர்தான் அங்கிள், அவர்கிட்டப் போய் நான் வீரன் மாதிரி நடிச்சா நல்லாவா இருக்கும்" என்றான்.

உனக்குச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் மெஷினில் இருக்கும்போதே என் இரத்த அழுத்தம் சடசடவென்று இறங்கிவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, கூப்பிடக் குரல் இல்லை. இவன்தான் பார்த்துவிட்டுப் போட்டான் ஒரு சத்தம், அடுத்த அறையிலிருந்த நர்ஸ்கூட ஓடி வந்தாள். அவள் என் காலைத் தூக்கி வைத்து மருந்து ஏற்றுகிற வரைக்கும் இவன் என்னை விடவில்லை. "அங்கிள், பஸ் கிளம்பியாச்சு, தூங்கக் கூடாது, அடுத்த ஸ்டாப் எது சொல்லுங்க" என்று அதட்டினான். நான் ஆஸ்பத்திரி வாசல், மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று முனகினேன். "அதுக்கப்புறம்? ஆளுங்க இறங்கணும் அங்கிள், சொல்லுங்க" என்றான். டெப்போ வந்து சேர்வதற்குள் எனக்குக் கண் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் முகம் வெளுத்து உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைவிட அவன்தான் பயந்திருக்கிறான். எனக்கு மட்டுமில்லை, புதிதாக யார் வந்தாலும் நர்ஸ் அவனுக்குப் பக்கத்தில்தான் முதல் நாள் உட்கார வைப்பாள்.

அவனுக்கு அவன் அக்கா ஒரு கிட்னி கொடுத்திருந்தாள். இரண்டு வருஷம் போல வேலை செய்தது, பிறகு உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, திரும்பவும் இந்த நாற்காலிக்கே வந்துவிட்டான். நீ உன் கிட்னியைத் தருகிறேன் என்று போனில் அழுததும் நான் முடியாது என்று வைத்ததும் அவனுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன். அக்கா கொடுத்தது வீணாகப் போயிற்றே என்று உனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் அளவு பாக்காம வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன் அங்கிள். ஞாயிறு மத்தியானம் எல்லாம் படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீட்டுக்குப் போய்ப் பாடுவேன், எங்க சர்ச் கோயர்லயே என் குரல்தான் மோசம், ஆனா அவங்களால எழுந்து ஓட முடியாதுல்ல. அதெல்லாம் அக்கா குடுத்தது. வீணாப் போச்சுன்னு நான் சொன்னா அது அவளைத் திட்டுற மாதிரி" என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். உன்னை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்து நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

அடக்கத்துக்கு அம்மாவும் நானும் போனோம். சர்ச்சில் உட்கார இடமில்லை, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்தவர்களே ஒரு பக்கம் நிறைய இருந்தார்கள், அவன் பாடப்போன வீட்டுக்காரர்களாம். பாதிரியார் பேச வந்ததும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. யாருக்கும் அதை அடக்கத் தெரியவில்லை. தெரிந்தவன் பெட்டிக்குள் படுத்திருந்தான். அழுதுகொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், பாதிரியார் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு வெறும் குரலில் பேசினார். வெளியே வரும்போது சர்ச் படியில் நின்ற அவன் அக்கா என் கையில் டயாலிசிஸ் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "நீங்கதானே பக்கத்து நாற்காலி அங்கிள்" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவள் கேட்கவில்லை. "உங்க பொண்ணு தர்றேன்னு சொல்றாங்களாமே, வேணாம்னு சொல்லிட்டீங்களாமே. எனக்கும் அப்போ பயம்தான், பயத்தோடதான் கையெழுத்துப் போட்டேன். அது போனப்புறம்கூட இன்னொண்ணைத் தர்றேன்னு அவன்கிட்டச் சண்டை போட்டிருக்கேன், பைத்தியமா உனக்குன்னு சிரிப்பான். அவனுக்குக் குடுக்காம இருந்து இன்னைக்கு இங்க நின்னிருந்தா என்னால தாங்கவே முடியாது அங்கிள்" என்றாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. நான் பயந்தது உனக்காகத்தான். இப்போது அதோடு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் நீ எந்தப் படியில் நின்று என்ன நினைப்பாய் என்று. இரண்டு பயத்தில் எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தைரியம் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வரவே வராது. அதனால் பயத்தோடேயே கூப்பிடுகிறேன், வா அம்மா. உன் கிட்னி எனக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

ஆனால் சிலதை நீ எனக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையிடம் முழுக்கப் பேசு, அவர் தயங்கினால் அவரோடு மல்லுக்கு நிற்காதே, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. டாக்டர் உன் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், என் மகள் என்பதால் சொல்கிறேன், பிடிவாதம் பிடிக்கக் கூடாது. குட்டிப்பயலையும் கூட்டி வா, இல்லாவிட்டால் அம்மா உன்னை வீட்டுக்குள் விடமாட்டாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் உடனே போன் செய்யாதே, ஒருநாள் விட்டுச் செய், எனக்கு மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும்.

நீ நல்லா இருக்கணும் பாப்பா, உன் வீடு நிறைந்து இருக்கணும், உன் உடம்பில் ஒரு நோவும் அண்டக் கூடாது. அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள்.

நீ வருவதை நினைத்துப் பயந்துகொண்டும் வழி பார்த்துக்கொண்டும் இருக்கும்,
உன் அப்பா.