ஆறாவது டீக்கடை

ஜூன் 3
நூலகத்து அம்மா இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஏரியைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்காக நம் ஊரையும் சுற்று வட்டாரத்தையும் பற்றி ஒரு கையேடு அச்சடிக்கிறார்களாம். நாற்பது வருஷம் படகு ஓட்டியவன், எதையும் மறக்காதவன் என்று ஊரே என்னைக் கைகாட்டியிருக்கிறது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவன் புத்தகம் போடப்போகிறேன். நான் சொல்லச் சொல்ல, வழக்கம்போல் இதை எழுதுகிற என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 5
படகுத்துறையிலிருந்து மதகு வரை அந்த அம்மாவை நடக்கவைத்தேன். எந்தப் பாறை எந்த மாதம் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும், நாரைகள் எந்த மரத்தில் இறங்கும், மலையடிவாரத்துக் கடைசி பஸ் எந்தத் திருப்பத்தில் கைகாட்டினால் நிற்கும் — மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவில் மை தீர்ந்தேபோனது. டீக்கடைகளைப் பற்றிக் கேட்டார். ஐந்தையும் சொன்னேன்.

இந்த இடத்தில் என் மனைவி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஆறுல்ல?" என்றாள்.

ஆறாவது, மதகடியில் இவள் தம்பி கடை. பதினோரு வருஷம் முன்பு என் படகை இரவல் வாங்கிப்போய், கரையேற்றாமல் விட்டு, புயலில் சுக்குநூறாக்கியவன். அவன் கடையை நான் எதற்குச் சொல்ல?

இதையும் அவளேதான் எழுதினாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

ஜூன் 6
அவள் இனி எழுத மாட்டாளாம். மருமகள் எழுதுகிறாள். குழம்பில் உப்பில்லை. எனக்கு ஊற்றியதில் மட்டும்.

ஜூன் 20
கையேடு வந்துவிட்டது. மருமகள் வாசித்தாள். அப்படியே நான் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஐந்து டீக்கடை.

சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். வெளியூர்க்காரர்கள் கையேட்டைப் பார்த்தபடி மச்சான் கடையைத் தாண்டிப் போகிறார்கள். அவன் துடைத்த பெஞ்சையே துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏன் சுருக்கென்றது?

ஜூன் 22
நூலகத்துக்குப் போய், ஆறாவது கடையையும் சேர்க்கணும் என்றேன். மிச்சப் பிரதிகளில் துண்டுத்தாள் ஒட்டலாம் என்றார் அந்த அம்மா. "ஆனா எப்படி விட்டுப்போச்சுன்னு கேப்பாங்களே?"

வேண்டுமென்றே விட்டேன் என்றால் பழைய சண்டை மறுபடி ஊர்வாயில் விழும். மறந்தேன் என்றால் இத்தனை வருஷம் எடுத்த பேர் போகும். நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மறந்துட்டேம்மா" என்றேன்.

ஜூன் 25
முடிவெட்டப் போன இடத்தில், வல்லாரை சாப்பிடச் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஜூன் 28
இன்று மறுபடி மனைவியே எழுதுகிறாள். நூலகத்தில் உட்கார்ந்து துண்டுத்தாள்களை ஒட்டியவளும் இவள்தான்.

மதகடிக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்னே டீ வந்தது. சர்க்கரை கம்மி, டிக்காஷன் தூக்கல். பதினோரு வருஷம் ஆகியும் அளவு மாறவில்லை. மச்சான் எதிரில் உட்கார்ந்தான்.

"என்ன மாமா, எல்லாம் மறந்துபோகுதாமே?"

"ஆமாப்பா. வயசாச்சுல்ல."

அவன் ஏரிப் பக்கம் திரும்பினான். "அப்ப... அந்தப் படகு?"

"எந்தப் படகு?" என்றேன்.